உப்புக் காற்றுக்கு எந்தக் கட்டில்? நார், நாடா, பலகை, இரும்பு: ஓர் ஒப்பீடு

மூன்று வாரத்துக்குள் மூன்று வீட்டார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தங்கச்சிமடத்தில் விசைப்படகில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, இரும்புக் கட்டிலின் கால் துருப்பிடித்து ஒடிந்துவிட்டதால் மறுபடியும் இரும்பே வாங்குவதா என்று கேட்டார். கீழக்கரையைச் சேர்ந்த, வளைகுடா நாட்டில் வேலை செய்யும் ஓர் இளைஞர், மூட்டுவலியால் தரையில் பாய் விரித்துப் படுக்க முடியாமல் போன தம் உம்மாவுக்கு எப்படிப்பட்ட கட்டில் வாங்கித் தரலாம் என்று கேட்டார். தேவிபட்டினத்துக்கு அருகில் மகளுக்குத் திருமணம் நிச்சயித்திருக்கும் என் உறவினர் ஒருவர், சீர்வரிசைக்கு மரக்கட்டில் நல்லதா, அடியில் பெட்டி வைத்த பிளைவுட் கட்டில் நல்லதா என்று தெரியாமல் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. கட்டில் என்றால் நான்கு காலும் ஒரு படுக்கையும்தானே என்று தோன்றும். ஆனால் இராமநாதபுரம் கடற்கரையில், ஒரே தெருவிலேயே, விடியற்காலையில் கடலிலிருந்து வந்து பகலில் தூங்குகிறவரும், மூன்று மாதக் குழந்தையோடு படுத்திருக்கும் தாயும், எழுந்து உட்கார ஒருவரின் கைத்தாங்கலை எதிர்பார்க்கும் மூதாட்டியும் வெவ்வேறு கட்டிலில் வெவ்வேறு வாழ்க்கையை வாழ்கிறார்கள். யார் படுக்கிறார், எந்த நேரத்தில் படுக்கிறார், கட்டிலை எங்கே போடுகிறார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் நாம் கடைக்குப் போய்விட்டுப் பிறகுதான் இவற்றை யோசிக்கிறோம்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலில் உப்பு. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் தூக்குப் பகுதியில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. புதிய பாலத்தின் கட்டுமானத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்புப் பாதுகாப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழைய பாலத்தை அரித்த காற்றுதான் நம் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது. மதுரையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் ஒரு பொருள், மண்டபத்தில் அவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இரண்டாவது, தூங்கும் நேரம். விசைப்படகுகள் ஒரு நாள் காலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் கரைக்கு வருகின்றன. மீனை இறக்கி, கணக்குப் பார்த்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது வெயில் ஏறிவிடுகிறது. பகலில் கான்கிரீட் தளத்துக்கும் சிமெண்ட் சீட்டுக்கும் கீழே படுக்க முடியாது என்பதால், அவர் நிழலைத் தேடிப் போகிறார். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம் நிழல். உச்சி சாய்ந்தபின் கிழக்குப் பக்கம் நிழல். நடுவில் வேம்போ பூவரசோ இருந்தால் அதன் அடி. ஒரே தூக்கத்துக்குள் கட்டில் மூன்று முறை இடம் மாறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலோ, ஆண்டின் மிகக் கொடிய வெக்கையில், விசைப்படகில் போகும் ஆண்கள் எல்லாரும் இரவும் பகலும் வீட்டில் இருக்கிறார்கள். படுக்க இடம் போதுவதில்லை.

மூன்றாவது, உடம்பு. முழங்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் நிலைமை. நான்காவது, வீட்டின் அளவும் வெள்ளமும். 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் முழங்கால் தண்ணீர் புகுந்த வீடுகளில், வீட்டுச் சாமான் எல்லாம் கட்டிலின்மேல்தான் ஏறியிருந்தது. ஐந்தாவது, பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆள் உண்டா என்பது. விலையை நான் வேண்டுமென்றே ஆறாவதாக வைக்கிறேன். கடையில் கொடுக்கும் பணம் முதல் தவணை மட்டுமே. மீதித் தவணைகளை மேற்சொன்ன ஐந்தும் வாங்கிக்கொள்ளும்.

நார்க்கட்டில்

பனைமரம் 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியிலிருந்து தொண்டி வரை, வாழ்க்கையின் பாதி அதைச் சுற்றியே நடந்தது. மட்டையைக் கிழித்து உரித்தெடுக்கும் நாரால் பின்னிய கட்டில்தான் இந்தக் கரையின் பழைய கட்டில். மட்டையின் உட்புறத்து நாரை அகணி என்பார்கள். நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காயாமல் பின்ன வேண்டும். காயும்போது அது தானாக இறுகிக்கொள்ளும். உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் இருக்கும் ஊர்களில் தேங்காய் நார்க் கயிற்றால் பின்னுவதும் உண்டு. அது கொஞ்சம் முரட்டுத்தனமாக உடம்பில் உறுத்தும், மேலே ஒரு துணியாவது விரிக்க வேண்டும்.

நார்க்கட்டிலின் முதல் சிறப்பு காற்று. முதுகுக்குக் கீழே காற்று ஓடுகிறது, வியர்வை தேங்குவதில்லை, மெத்தை தேவையில்லை. இரண்டாவது சிறப்பு எடை. வேப்பமரச் சட்டத்தில் பின்னிய ஒற்றைக் கட்டிலைத் திடமான ஓர் ஆள் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம். நிழலோடு நகர வேண்டிய தூக்கத்துக்கு இதற்கு ஈடு வேறில்லை. மூன்றாவது, இதில் உப்பு தின்பதற்கு எதுவும் கிடையாது. நல்ல தச்சர் ஆணியே அடிக்காமல், சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கிக் காலின் துளையில் இறக்கி, ஆப்பு வைத்து முடித்துவிடுவார்.

என் அப்பத்தாவின் கட்டில் அப்படிப்பட்டது. கால்மாட்டில் ஒரு முழ அளவுக்குப் பின்னல் இருக்காது. அங்கே இழுகயிறு மட்டும் சட்டத்துக்கும் பின்னலுக்கும் இடையில் வளைந்து வளைந்து ஓடும். மாதத்துக்கு ஒருமுறை பெரியப்பா கட்டிலின்மேல் உட்கார்ந்து, ஒரு காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, அந்தக் கயிற்றை ஒவ்வொரு வளைவாக இழுத்துக்கொண்டே வருவார். கடைசி வளைவு முடிந்ததும் பின்னலின் நடுவில் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். தப்பு அடித்ததுபோல ஓசை வந்தால்தான் எழுந்திருப்பார். "இழுத்து வச்சாக் கட்டிலு, விட்டுட்டாத் தூளிடா" என்பார். அவர் போனபின் அந்த வேலையை யாரும் தொடரவில்லை. ஓராண்டுக்குள் நடுப்பகுதி தொங்கிவிட்டது. அப்பத்தா இடுப்பு வலி என்று சொல்லத் தொடங்கிய மாதத்துக்கும் அந்தத் தொய்வுக்கும் இருந்த தொடர்பு எங்கள் யாருக்கும் அப்போது புரியவில்லை.

நார்க்கட்டிலின் மறைந்திருக்கும் செலவு அந்த உழைப்புதான். இழுத்துக்கட்ட ஆள் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துப் புதிதாகப் பின்ன வேண்டும். பின்னத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் என்ற நிலையும் மாறி, வட்டாரத்துக்கு ஒருவர் என்று குறைந்துவருகிறார்கள். அவர் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். மூட்டைப்பூச்சி கழுந்துத் துளைகளிலும் பின்னல் மடிப்புகளிலும் குடியேறும். உச்சி வெயிலில் போட்டு, மூட்டுகளில் கொதிக்கும் நீரை ஊற்றுவதே இன்றும் சிறந்த வழி. கண்மாய்த் தண்ணீரில் இரண்டு நாள் அமிழ்த்தி வைப்பதும் பழைய வழக்கம்தான். ஆனால் கடல்நீரில் அமிழ்த்தக் கூடாது. நாரில் ஏறிய உப்பு ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரத்தை இழுத்து, நாரை நைந்துபோகச் செய்யும்.

இது பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு நார்க்கட்டில் நல்லதல்ல. பழைய கட்டில்கள் தாழ்வானவை, பள்ளத்திலிருந்து உடம்பை மேலே தூக்க வேண்டும், ஓரத்தில் உட்கார்ந்தால் சட்டம் தொடையின் அடியில் வெட்டும். நாள்பட்ட படுக்கையில் இருப்பவருக்கு, கழுவுவதற்கு எளிது என்ற ஒரு வசதி இருந்தாலும், பின்னலின் மேடுபள்ளம் ஒரே இடத்தில் தோலை அழுத்திப் படுக்கைப் புண்ணுக்கு வழிவகுக்கும். பிரசவித்த பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்து அடியில் சாம்பிராணிப் புகை போடும் வழக்கம் நார்க்கட்டிலோடு சேர்ந்தே வந்தது. பச்சிளம் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது என்பதால், கட்டிலை வைத்துக்கொண்டு அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம்.

நாடாக் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும்

நாருக்குப் பதிலாகப் பருத்தி நாடாவையோ நைலான் பட்டையையோ வைத்துப் பின்னுவது. நார்க்கட்டிலின் காற்றோட்டமும் எடைக்குறைவும் இதற்கும் உண்டு. படுக்கை இன்னும் சமமாக இருக்கும். பின்னுவதற்குப் பெரிய கைத்தேர்ச்சி தேவையில்லை. பருத்தி நாடா உடம்புக்கு மிக இதமானது, ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தைக் குடித்துத் தளரும், கரும்புள்ளி விழும். நைலான் பட்டை ஈரத்துக்கு அஞ்சாது. வெயிலுக்குத்தான் அஞ்சும்: வாசலிலேயே கிடக்கும் கட்டிலில் ஓரிரு கோடைக்குள் பட்டை வெளுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரத் தொடங்கும். அந்தப் பொடி தோலில் பட்டால் அரிக்கும்.

மீனவக் குடியிருப்புகளில் இன்னொரு வகையைப் பார்க்கலாம். படகில் பயன்படுத்திக் கழித்த கயிற்றைக் கொண்டே கட்டிலைப் பின்னிவிடுகிறார்கள். கைவசம் இருக்கும் பொருள், முடிச்சுப் போடத் தெரிந்த கை, செலவு ஏதுமில்லை. கயிறு தடிமனாக இருப்பதால் மேலே ஒரு பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும். கயிற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை வெளியேற்றிய பிறகு பின்னினால், இரும்புச் சட்டத்தில் பின்னினாலும் சட்டம் தாக்குப்பிடிக்கும். இந்த அலசலைப் பலரும் செய்வதில்லை.

இரும்புக் கட்டில்

இந்தக் கரையில் மிக அதிகமாக விற்பதும் மிக விரைவில் குப்பைக்குப் போவதும் இதுவே. வாங்குவதற்கு எளிது, கடைக்காரரே வண்டியில் கொண்டுவந்து பூட்டித் தருகிறார், உயரம் சரியாக இருக்கிறது, கரையான் தொடாது. ஏழை வீட்டில் பாயிலிருந்து கட்டிலுக்கு ஏறும் முதல் படி பெரும்பாலும் இரும்புக் கட்டில்தான் என்பதால் இதை இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் வாங்கும்போது யாரும் சொல்லாத சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. வாங்கியபோது வெளியே பளபளப்பான பவுடர் பூச்சு. மூன்றாம் ஆண்டு மழைக்காலம் முடிந்தபோதும் அந்தப் பளபளப்பு அப்படியே இருந்தது. ஒருநாள் இரவு கால் மடங்கியது. காலையில் கவிழ்த்துப் போட்டு, காலின் அடியில் இருந்த ரப்பர்க் குல்லாயைப் பிடுங்கினேன். உள்ளிருந்து காப்பி நிறத்தில் தண்ணீரும், கைப்பிடி அளவுக்குத் துருச் செதிலும் கொட்டின. அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குப் பைப் காகிதம்போல ஆகியிருந்தது. விரலை அழுத்தியபோது ஓட்டை விழுந்தது. தரையைக் கழுவும்போதெல்லாம் குல்லாய்க்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல், உள்பக்கத்துக்குப் பூச்சே இல்லாத பைப்பை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. விற்ற கடையில் கேட்டபோது கடற்கரையில் அப்படித்தான் ஆகும் என்றார்கள். அதை விற்கும்போதே சொல்லியிருந்தால் நான் வேறு கட்டில் வாங்கியிருப்பேன்.

இரும்புதான் வாங்குவது என்று முடிவு செய்தால் மூன்றைப் பாருங்கள். பைப்பின் தடிமன் முதலாவது. கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும், 20 கேஜ் ஏறத்தாழ 0.9 மி.மீ., 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ. இரண்டாவது, வெல்டிங் இணைப்புகள். துரு அங்கேதான் முதலில் பூக்கும், எனவே அந்த இடங்களில் துருத்தடுப்பு பிரைமர் அடித்து அதன்மேல் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, குல்லாய். ஆண்டுக்கு இரண்டு முறை அதைக் கழற்றி, காலைக் கவிழ்த்து உலர்த்தி, மீண்டும் போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பில் பட்டறையில் சொல்லிச் செய்தால் ஆயுள் நிச்சயமாகக் கூடும், வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும் என்பதால் அங்கே மட்டும் துத்தநாகப் பெயிண்ட் பூச வேண்டும். எவர்சில்வர் கட்டில் துருவே பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். 202 என்ற மலிவான தரத்தில் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும், 304 அதைவிட மேல், 316 இன்னும் மேல். பில்லில் தரத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள்.

இரும்புக் கட்டில் சிறந்த தேர்வாக அமையும் ஒரு சூழலும் உண்டு. கரையான் புற்றெடுக்கும் மண் தரை வீட்டிலும், நோயாளிக்காகச் சில மாதம் மட்டும் தேவைப்படும் நிலையிலும் அதுவே சரி. தலைப்பகுதியைத் திருகி உயர்த்தும் மருத்துவமனைக் கட்டில்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு அதை எடுத்து, மேலே காற்று மெத்தை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். அந்த ஏற்பாட்டுக்கு வீட்டிலுள்ள வேறெந்தக் கட்டிலும் மாற்றாகாது.

பலகைக் கட்டில்

கீழக்கரையின் பழைய வீடுகளில் தலைமுறை தாண்டிய தேக்குக் கட்டில்கள் இருக்கின்றன. அவை நிலைத்ததற்கு மரத்தின் தரம் ஒரு காரணம் என்றால், அவ்வூரின் வழக்கம் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே மணமானபின் பெண் தன் வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளை அங்கு வந்து தங்குவதே வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. ஆகவே கட்டில் ஊர்விட்டு ஊர் போவதில்லை; கழற்றிப் பூட்டுவதால் வரும் ஆட்டமும் வருவதில்லை. சீர்வரிசையாக லாரியில் ஏறி, வாடகை வீடு வாடகை வீடாக மாறும் கட்டிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தேக்கு வாங்க இயலாதவர்கள் வேம்பையோ பூவரசையோ நாடலாம். இரண்டும் இந்த மண்ணில் வளர்பவை; வேம்பின் கசப்பைப் பூச்சிகள் விரும்புவதில்லை; பூவரசு கடலோரத்தின் சொந்த மரம். மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்பதுதான் உயிர்நாடி. பச்சை மரத்தில் செய்த கட்டில் இரண்டாம் கோடையில் முறுக்கிக்கொண்டு கிறீச்சிடும். இணைப்புக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணி கேளுங்கள்; இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்து, தான் இருக்கும் மரத்தையே பிளந்துவிடும். நான்கு காலுக்கும் அடியில் கல் துண்டு வைத்தால் தரை ஈரமும் கரையானும் நேராக ஏறாது.

பலகைக் கட்டிலின் மறைந்திருக்கும் செலவு மெத்தை. வெறும் பலகையில் படுப்பது முதுகுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். முதுகுவலிக்காரருக்கு ஏற்றது மிகவும் கெட்டியும் இல்லாத, மிகவும் மெத்தென்றும் இல்லாத நடுத்தரப் படுக்கையே. எனவே ஒரு மெத்தை வாங்கியாக வேண்டும். தடித்த ஃபோம் உடம்பின் சூட்டை வெளியே விடாது. சித்திரை இரவில் அதன்மேல் படுப்பது சட்டியில் படுப்பதற்கு ஒப்பாகும். இலவம்பஞ்சு மெத்தை குளிர்ச்சியானது, ஆனால் இந்த ஈரக் காற்றில் கட்டிபிடிக்கும், அடிக்கடி வெயிலில் போட வேண்டும். ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தையே எனக்கு இந்த ஊருக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. எந்த மெத்தையானாலும் அடிப்பலகையை முழுத் தகடாக அடிக்காமல், இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு ரீப்பர், அதாவது ஒடுக்கமான மரச்சட்டங்கள், அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில்தான் மெத்தை மூச்சு விடும்.

பெட்டிக் கட்டிலும் மடக்குக் கட்டிலும்

இவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். அடியில் பெட்டி வைத்த கட்டில் சிறிய வீட்டுக்கு வரம்போலத் தெரியும். பெட்டிக்குள் காற்றே ஓடாததால் பட்டுப்புடவையில் பூஞ்சை பூக்கும். மூட்டைப்பூச்சி வந்தால் ஒழிப்பது மிகக் கடினம். தரையில் பதிந்து நிற்பதால் வெள்ளம் புகுந்தால் முதலில் நனைவது அதுதான். மலிவானவற்றில் இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. அது ஒருமுறை நனைந்தால் ரொட்டிபோல ஊதும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மடக்குக் கட்டில், தடைக்காலத்திலும் ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு உறவினர் வரும் நாள்களிலும் கைகொடுக்கும். அன்றாடம் படுக்க அது உதவாது. மடிப்புக் கீல் முதலில் துருப்பிடிக்கும், அதில் குழந்தையின் விரல் சிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு பார்வையில்

| கட்டில் | உப்புக் காற்றில் | கோடை வெக்கையில் | முழங்கால் வலிக்கு | நகர்த்த | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| நார் | நன்று | மிக நன்று | ஆகாது | ஓர் ஆள் போதும் | இழுத்துக்கட்டல், மறுபின்னல் |
| நாடா, நைலான் | நன்று | நன்று | உயரம் கூட்டினால் ஓரளவு | ஓர் ஆள் போதும் | வெயிலில் பட்டை உதிர்தல் |
| இரும்பு | மோசம் | மெத்தையைப் பொறுத்தது | நன்று | இரண்டு ஆள் | பெயிண்ட், சில ஆண்டில் புதுக்கட்டில் |
| பலகை | மிக நன்று | மெத்தையைப் பொறுத்தது | மிக நன்று | கடினம் | மெத்தை, காய்ந்த மரத்தின் விலை |
| பெட்டி | பலகையைப் பொறுத்தது | மோசம் | நன்று | கழற்றாமல் முடியாது | பூஞ்சை, வெள்ளச் சேதம் |

பாய் இந்த அட்டவணையில் இல்லை. அதற்குக் காரணம் அது தாழ்ந்தது என்பதல்ல. தட்டையான, கெட்டியான, விழுவதற்கு உயரமே இல்லாத படுக்கை அது. உருளத் தொடங்கிய குழந்தைக்குக் கட்டிலைவிடப் பாய் பாதுகாப்பானது. கடலுக்குள் இடுப்பளவு நீரில் மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துவரும் பெண்கள், திரும்பிவந்ததும் சிமெண்ட் தரையின் குளிர்ச்சியில்தான் முதலில் முதுகைச் சாய்க்கிறார்கள். ஆனால் தரையில் ஈரம் ஊறும் மழைமாதங்களிலும், பூரானும் தேளும் நடமாடும் ஓலை வீட்டிலும், அதே பெண்ணுக்கு ஒற்றைக் கட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டில் ஒரு கட்டில்தான் இருக்கிறது என்றால் அது ஆண்களுக்கு என்று நாமாக வைத்துக்கொண்ட வழக்கத்தை, அதைப் பார்த்தே வளர்ந்தவன் என்ற முறையில், தவறு என்றே சொல்வேன்.

மூன்று வீட்டுக்கும் நான் சொன்னது

தங்கச்சிமடத்து வீட்டில் பகல் தூக்கம், வெளியே நிழல், கைவசம் கயிறு. ஆகவே வேப்பஞ்சட்டத்தில் கயிற்றுக் கட்டில் என்றேன். ஒடிந்த இரும்புக் கட்டிலின் மேல்சட்டம் உறுதியாக இருந்ததால், அதைப் பழைய இரும்புக்குப் போடாமல், நான்கு மரக்கால் பொருத்தி உள்ளறையில் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

தேவிபட்டினத்து உறவினரிடம், மாப்பிள்ளை வீட்டு அறையின் நீள அகலத்தை முதலில் கேட்டு வாங்கச் சொன்னேன். பத்துக்கு எட்டு அடி அறை. அதில் ஐந்தடி அகலக் கட்டில் நுழைந்தால், பீரோக் கதவு முழுவதும் திறக்காது; அந்தப் பெண் தன் புடவையை ஒருக்களித்து நின்றுதான் எடுக்க வேண்டும். பெட்டிக் கட்டிலை விட்டுவிட்டு, நாலடி அகலத்தில் பூவரசு ரீப்பர்க் கட்டில் செய்வது என்று முடிவாயிற்று. நாலுபேர் பார்த்துக் குறைத்துப் பேசுவார்களே என்ற கவலை அவருக்கு இன்னும் தீரவில்லை. அவருடைய மகளிடம் கேட்டபோது, பீரோ திறக்க வேண்டும் என்றாள்.

கீழக்கரைக்குப் பலகைக் கட்டிலே என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உயரத்தை மட்டும் கடையில் இருப்பதற்கு விட்டுவிடக் கூடாது. உம்மாவை உள்ளங்கால் தரையில் முழுவதும் பதியும்படி உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை ஒரு நூலைப் பிடித்து அளக்கும்படி இளைஞரின் தங்கையிடம் சொன்னேன். 17 அங்குலம் வந்தது. மெத்தைக்கு 4 அங்குலம் கழித்து, ரீப்பரின் மேல்மட்டம் 13 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்று எழுதி, நூலில் முடிச்சுப் போட்டு, அந்த நூலையும் சேர்த்தே தச்சரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.